1936 புதுச்சேரிப் பஞ்சாலைத் துப்பாக்கிச் சூடு, எட்டு மணி நேரச் சட்டம்: மூல ஆவணங்களை இணையத்தில் எப்படித் தேடுவது?

முதலியார்பேட்டைத் தையல்காரி:
எல்லோருக்கும் வணக்கம். என் தாத்தா சவானா ஆலையில் தறி ஓட்டியவர். விடியும் முன் ஆலைச் சங்கு ஊதும்போது போனால், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் திரும்புவார் என்று ஆயா சொல்வார். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் படை சுட்டு 12 தொழிலாளர்கள் இறந்தபோது அவரும் உள்ளே இருந்தார். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது.

போன மாதம் பேரன் கேட்டான்: "அந்தச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது ஆயா? காட்டு." என்னால் காட்ட முடியவில்லை. மூன்று வாரமாகக் கடையை மூடிய பிறகு கைப்பேசியில் தேடுகிறேன். நினைவுநாள் செய்திகளும், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய கட்டுரைகளுமே வருகின்றன. அச்சடித்த அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு எனக்குத் தெரியாது. வழி சொல்லுங்கள்.

பிரெஞ்சு ஆசிரியர் (ஓய்வு):
அம்மா, பேரன் கேட்டது நல்ல கேள்வி. முதலில் ஊர்ப் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பாண்டிச்சேரிக்கு இரண்டு 'ஆர்' போடுகிறோம், பிரெஞ்சில் ஒன்றுதான். இந்த ஓர் எழுத்தினால்தான் உங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை என்று நினைக்கிறேன். ஆள் பெயர்களிலும் கவனம் வேண்டும். நம் 'உ' ஒலிக்கு அவர்கள் 'ஓ', 'யு' இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் பெயரையும் அப்படிப் போட்டுப் பாருங்கள்.

தேட வேண்டிய இடம் 'காலிக்கா'. பிரான்சின் தேசிய நூலகம் நடத்தும் இலவசத் தளம் அது. கூகுளோடு நின்றுவிடாமல் தளத்துக்குள்ளேயே நுழைந்து தேடுங்கள். வேலைநிறுத்தத்துக்குப் பிரெஞ்சுச் சொல் 'கிரேவ்': ஜி, ஆர், இ, வி, இ. எழுத்தின் மேல் வரும் கோட்டை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. வேலைக்கு 'த்ரவாய்': டி, ஆர், ஏ, வி, ஏ, ஐ, எல்.

எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கிய ஆணையின் தேதி 1937 ஏப்ரல் 6. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பாரிசில் கையெழுத்தானதும் அது முதலில் பிரான்ஸ் குடியரசின் அரசிதழில் வரும். கப்பலேறி இங்கு வந்து, ஆளுநர் தனி உத்தரவு போட்டு அறிவித்த பிறகே நம் ஊரில் செல்லும். ஆகவே பிரெஞ்சிந்தியாவின் அரசிதழில் ஏப்ரல் முதல் வாரத்தைப் புரட்டிப் பயனில்லை. அதற்குப் பிந்தைய இதழ்களைப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்:
அக்கா, ஐயா சொன்னது ஆண்ட கை எழுதியது. பக்கத்து வீட்டுக்காரன் எழுதியதையும் பாருங்கள். அன்று கடலூர் பிரிட்டிஷ் தென்னார்க்காட்டின் தலைநகர். எல்லைக்கு அப்பால் நடப்பதை ஆங்கிலேயர் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். மாகாண அரசுகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை டெல்லிக்கு அறிக்கை அனுப்பும். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் உள்துறையின் அரசியல் பிரிவுக் கோப்புகள் நிறைய உள்ளன. பதிவு செய்ய வேண்டும், காசு கிடையாது. அங்கே மட்டும் ஊர்ப் பெயருக்கு இரண்டு 'ஆர்'!

வழக்கு வேலைக்காகப் பழைய கோப்புகளோடு கிடப்பவன் நான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: தேடலில் வரவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பழைய அச்சில் மை பரவிய எழுத்தைக் கணினி தப்பாகப் படிக்கும். தேதி வாரியாக இதழைத் திறந்து, கண்ணால் பக்கம் பக்கமாகப் பாருங்கள். கிடைத்தால் தலைப்பு, தேதி, பக்க எண் மூன்றையும் அப்போதே எழுதிவையுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் விட்டு, அதே பக்கத்தைத் தேட இரண்டு நாள் போனது.

பிரெஞ்சு ஆசிரியர் (ஓய்வு):
தம்பி சொல்வது சரி. இணையத்தில் கிடைக்காத இதழுக்கு நேரில் போக வேண்டியதுதான். லாசுப்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகத்திலும் கேளுங்கள். பக்கம் கிடைத்ததும் படத்தை இங்கே போடுங்கள் அம்மா, வரிக்கு வரி தமிழாக்கித் தருகிறேன்.

முதலியார்பேட்டைத் தையல்காரி:
ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. ஒரு 'ஆர்' எடுத்ததும் பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது! சட்டத் தாள் இன்னும் கையில் படவில்லை. பாரிஸ் அரசிதழை ஏப்ரல் 6-இலிருந்து ஒவ்வொரு நாளாகத் திறக்கிறேன். எட்டு மணி நேரத்துக்கு 'உயித் ஏர்' என்று பேரன் கண்டுபிடித்தான். அதை அளவுச் சீட்டின் பின்புறம் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, என் தையல் இயந்திரத்தின் தலையில் ஒட்டியிருக்கிறான். பொடி எழுத்துப் பக்கங்களில் அந்த இரண்டு சொல்லின் வடிவத்தைத்தான் தேடுகிறேன். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை விட்டிருக்கிறேன். அவனையும் கூட்டிக்கொண்டு லாசுப்பேட்டைக்குப் போகிறோம்.