கேத்திலுக்குள் கல்லு

(குழு: கோண்டாவில் வீட்டாக்கள்)

ராஜி சித்தி, காலை 6:42
[படம்] இதைப் பாருங்கோ. கேத்தில் வாங்கி இன்னும் 3 மாதம் ஆகவில்லை, உள்ளுக்குள் சுண்ணாம்பு பூசின மாதிரி. இந்தத் தண்ணியில்தானே தேத்தண்ணி குடிக்கிறோம்!

துஷி, 6:45
சித்தி, அது கல்சியம் காபனேற்று.

ராஜி சித்தி, 6:46
பெயர் தெரிந்தால் போதுமோ? கிட்னியில் கல் வருவதே இதனால்தானாம், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா.

குணம் மாமா, 6:58
ராஜி, அந்தக் கல் வேறு, இந்தக் கல் வேறு. சிறுநீரகக் கல் அநேகமாகக் கல்சியம் ஒக்சலேற்று. தண்ணி குறைவாகக் குடிக்கிறவருக்குத்தான் கூட வரும். நீ பயந்து குடியாமல் விட்டால்தான் வில்லங்கம்.

குணம் மாமா, 7:03
மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிவிடும். எங்கட யாழ்ப்பாண நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், துஷி சொன்ன அதே கல்சியம் காபனேற்று. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. கொதிக்க வைத்ததும் காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்தது திரும்பக் கல்லாகிக் கேத்திலில் படிகிறது. புத்தூர்ப் பக்கம் இருக்கிற நிலாவரைக் கிணறும் தண்ணி கல்லைக் கரைத்து உண்டான பள்ளம்தான்.

ராஜி சித்தி, 7:05
அப்ப சவுக்காரம் நுரைக்காததும்?

குணம் மாமா, 7:05
ஓம், அதே கல்சியம்தான்.

கவின் (ரொறன்ரோ), 7:11
மாமா, ஏன் தண்ணி இப்படி எல்லாத்தையும் கரைக்குது?

துஷி, 7:14
நான் சொல்கிறேன். மூலக்கூறு நேராக இல்லை, 104.5 பாகையில் வளைந்திருக்கு. ஒட்சிசன் பக்கம் கொஞ்சம் மறை, ஐதரசன் பக்கம் கொஞ்சம் நேர். உப்பைப் போட்டால் சோடியத்தை ஒரு பக்கத்தாலும் குளோரைட்டை மற்றப் பக்கத்தாலும் சூழ்ந்து பிரித்துவிடும்.

குணம் மாமா, 7:17
கெட்டிக்காரி. ஆனால் எல்லாத்தையும் இல்லை, எண்ணெயைக் கரைக்காது. எங்கட ஒவ்வொரு கலத்தையும் சுற்றி இருப்பது கொழுப்பு மென்சவ்வு. அதையும் கரைத்தால், கிணற்றடிக்குக் குளிக்கப் போன ஆள் திரும்பி வரமாட்டார்.

கவின் (ரொறன்ரோ), 7:20
இங்கே மாசியில் வாவி மேலே உறைந்து கிடக்கும், ஆட்கள் ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். கீழே 4 பாகைத் தண்ணியில் மீன் பாட்டுக்கு நீந்தும். ஐஸ் மிதக்காமல் தாண்டால் அதுகளின் கதி?

துஷி, 7:26
அம்மம்மா கேட்கிறா: பானைத் தண்ணி குளிர்வதும் இந்தக் கதைதானோ?

குணம் மாமா, 7:29
ஓம் அம்மா. பானை வியர்க்கிறது. 1 கிராம் தண்ணி ஆவியாகப் போக ஏறத்தாழ 2,400 யூல் வெப்பம் வேணும், அதைப் பானையிலிருந்தே எடுக்கும். எங்களுக்கு வேர்ப்பதும் அதற்குத்தான்.

துஷி, 7:30
யூல் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறா.

குணம் மாமா, 7:38
ராஜி, கண்ணுக்குத் தெரிகிற கல்லை விடு. தோட்டத்தில் போடுகிற உரத்தின் நைத்திரேற்றும் இதே மாதிரிக் கரைந்து கிணற்றுக்கு வரும். நிறமில்லை, மணமில்லை, கேத்திலிலும் படியாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணி வற்ற வற்றச் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கூடினால் கைக்குழந்தைகளுக்குத்தான் பெரிய ஆபத்து. உன் பேரனுக்குப் பால்மா கரைக்கிறது எந்தத் தண்ணியில்?

ராஜி சித்தி, 7:40
கிணற்றுத் தண்ணியில்தான் அண்ணா... பின்பக்கம் முழுக்க வெங்காயத் தோட்டம்.

குணம் மாமா, 7:41
அப்ப இன்றைக்கே ஒரு போத்தலில் எடுத்து வை. நான் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். அதுவரை பிள்ளைக்கு வெளித் தண்ணி வாங்கு. கேத்திலுக்கு 2 தேசிக்காய் பிழிந்து ஊற வை.

ராஜி சித்தி, 8:15
[படம்] நுரைத்துப் பொங்குது! கல்லு கழருது!

துஷி, 8:17
அம்மம்மா சொல்கிறா: தேசிக்காயைக் கேத்திலுக்குக் கொடுத்தால் ஊறுகாய்க்கு எங்கே போகிறது?