உப்புத் தண்ணீரில் பள்ளித் தோட்டம்: என்ன நடலாம்?

மண்டபம் பக்கம் கடலோர நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளோடு ஜூலையில் காய்கறித் தோட்டம் ஆரம்பித்தோம், ஒரு செடியும் நிற்க மாட்டேன் என்கிறது.

விதை நன்றாகவே முளைக்கிறது. நாலு இலை விட்டதும் நுனி பழுப்பாகிக் கருகுகிறது, காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. மணல் தரை. போர் தண்ணீர், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 2,800 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 2,800 மில்லிகிராம்) காட்டுகிறது. வெண்டை, அவரை, தக்காளி எல்லாம் போச்சு.

மக்கிய சாணம் போட்டாயிற்று, பனையோலையில் மூடாக்கும் போட்டாயிற்று. தேங்காய் நார்க்கழிவை நல்ல தண்ணீரில் அலசி, பைகளில் நிரப்பி நட்டதில் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான். லாரித் தண்ணீர் குடிக்கவே பத்தாது, அதைச் செடிக்குக் கேட்க மனசு வரவில்லை.

அக்டோபர் மழை வரட்டும் என்கிறார்கள். ஆனால் வகுப்பில் வாயே திறக்காத ஒரு எட்டாம் வகுப்புப் பையன், பாத்தி கட்டும்போது மண்வெட்டியை வாங்கி மற்றவர்களுக்கு வரப்பு போடச் சொல்லிக்கொடுக்கிறான், இடையில் நிறுத்தினால் அவன் திரும்பவும் ஒதுங்கிவிடுவான். கரையோரம் உப்பு மண்ணைத் தாங்கும் உமரிக்கீரை தானாக வளர்கிறது, அதைப் பாத்தியில் நட்டு வளர்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கம் இருப்பவர்களே, இதே மாதிரி உப்புத் தண்ணீரில் இரண்டு மாதத்துக்குள் பிள்ளைகள் பறிக்கும்படி எந்தக் கீரை அல்லது காய் உங்களுக்கு வந்திருக்கிறது?