6 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் அப்பென்டிசைட்டிஸ் (குடல்வால் அழற்சி) இல்லையா?

உவர்மலையான்: "ஸ்கானில் குடல்வாலின் தடிப்பு 6 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் பயமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் தங்கச்சியின் மகனுடைய றிப்போர்ட்டில் "குடல்வால் தென்படவில்லை" என்றுதான் இருந்தது. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய நோ இரவுக்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காலை மடக்கிப் படுத்த பிள்ளை பிறகு நிமிரவே இல்லை. மறுநாள் ஒபரேஷனில் பார்த்தால் வெடித்திருந்தது.

நிலாவெளி நேசன்: எழுதினது நான்தான் அண்ணை. அல்ட்ராசவுண்டில் அழுத்தியும் நசியாமல், 6க்கு மேல் தடித்திருந்தால் அழற்சி. இது நான் கண்டுபிடித்த கணக்கில்லை.

உவர்மலையான்: தென்படாததை எப்படித் தம்பி அளப்பீர்கள்? குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ வாயு நிறைந்திருந்தாலோ அல்ட்ராசவுண்டில் பிடிபடாது. தென்படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

கிண்ணியா நானா: கல்லுக்கு எடுத்த சீடீ ஸ்கானில் எனக்குக் குடல்வால் 7 என்று வந்தது. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை, யாரும் வெட்டவும் இல்லை. அந்த 6 எங்கே போனது?

நிலாவெளி நேசன்: அப்ப எல்லாப் பிள்ளைக்கும் சீடீ எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கச் சொல்கிறீர்களா?

உவர்மலையான்: அப்பென்டிசைட்டிஸா என்று அறிகுறிகளையும் இரத்தப் பரிசோதனையையும் வைத்துப் பார்க்க 1986இல் வந்த அல்வராடோ கணக்கில் மொத்தம் பத்துப் புள்ளி. நோ இடம் மாறியது, பசியின்மை, சத்தி, அழுத்தினால் நோவு, காய்ச்சல், வெள்ளணுக்கள், எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. ஸ்கானுக்கு ஒன்றுகூட இல்லை!

தாதி அக்கா: முதலில் குடல்வளரி என்று எழுதுங்கள். நாங்கள் படித்த சொல் அதுதான்.

உவர்மலையான்: பிள்ளை துடிக்கும்போது சொல்லா முக்கியம் அக்கா?

தாதி அக்கா: சொல் தெரியாமல்தான் பாதிப் பேர் றிப்போர்ட்டைப் பிழையாக வாசிக்கிறார்கள்.

நிலாவெளி நேசன்: இப்போது அன்டிபயோட்டிக்கிலேயே மாற்றுகிறார்கள், ஒபரேஷனே வேண்டாம்.

உவர்மலையான்: 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் மருந்து மட்டும் எடுத்த பத்துப் பேரில் மூன்று பேருக்கு 90 நாளுக்குள் வெட்ட வேண்டி வந்தது, குடல்வாலுக்குள் கல் இருந்தவர்களுக்கு இன்னும் மோசம். அதை ஏன் விட்டீர்கள்?

நிலாவெளி நேசன்: மற்ற ஏழு பேரை நீங்கள் ஏன் விட்டீர்கள்? அளவு 6தான்.

உவர்மலையான்: தென்படாததை அளந்து காட்டுங்கள் தம்பி. காத்திருக்கிறேன்.