முதல் ரைஃபிள் பயிற்சி வகுப்பு: இரண்டு நாள், 800 ரவுண்டு. எதையெல்லாம் தயார் செய்வது?

புதுக்குழல்:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் இரண்டு நாள் டாக்டிகல் ரைஃபிள் வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். இதுவரை பெஞ்சில் உட்கார்ந்து தாளில் சுட்ட பழக்கம்தான். நடந்துகொண்டோ மண்டியிட்டோ சுட்டதில்லை, அவசரத்தில் மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) மாற்றியதும் இல்லை. துப்பாக்கி 16 அங்குலக் குழல் கொண்ட ஏஆர்-15, 5.56 சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), மேலே ஒரு ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக் கருவி). வாங்கிப் புதுசு, அதிகம் ஓடவில்லை.

வகுப்பிலிருந்து வந்த பட்டியல் ரொம்பச் சுருக்கம்: ஸ்லிங் (தோளில் மாட்டும் வார்), குறைந்தது 4 மேகசின், 800 ரவுண்டு, கண்-காதுக் கவசம், விருப்பமிருந்தால் பிஸ்டல். ஜீரோவை (குறியும் தோட்டா படும் இடமும் ஒன்றாகும் தூரம்) 50 யார்டில் வைப்பதா, 100-லா? பிளேட் கேரியர் (கவசத் தகட்டு அங்கி), செஸ்ட் ரிக் (மார்பில் கட்டும் மேகசின் பை) எல்லாம் வாங்கணுமா? புதுத் துப்பாக்கியில் முன்கூட்டியே எதைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரித்தூள்:

புதுத் துப்பாக்கியை அப்படியே வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதற்கு முன்னால் குறைந்தது 200 ரவுண்டாவது ஓடியிருக்க வேண்டும். அதுவும் வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிற அதே தோட்டா, அதே மேகசின்கள். ஒரு மேகசின் சரியில்லை என்பது வீட்டுப் பக்கத்து ரேஞ்சில் தெரிந்தால் ஒன்றும் நஷ்டமில்லை. வகுப்பில் தெரிந்தால் பாதி நாள் போய்விடும்.

சுடுவதற்கு முன் இரண்டு இடத்தைக் கண்ணால் பாருங்கள். போல்ட் கேரியரின் (தோட்டாவை ஏற்றும் போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகம்) மேலே கேஸ் கீ என்று ஒரு சின்னக் குழாய்த் துண்டு இருக்கும், இரண்டு திருகில் நிற்பது. அந்தத் திருகுத் தலையைச் சுற்றியுள்ள உலோகத்தைக் குத்தித் திருகின் மேல் தள்ளியிருக்க வேண்டும், ஸ்டேக்கிங் என்பார்கள். அது இல்லையென்றால் சூடேறச் சூடேறத் திருகு தளரும், வாயு கசியும், போல்ட் முழுத் தூரம் பின்னால் போகாது. அப்புறம் காலிக் கேஸ் (சுட்ட தோட்டாவின் உலோகக் கூடு) வெளியேறாமல் நிற்கும், அல்லது அடுத்த தோட்டாவைப் போல்ட் தூக்காது. ஸ்டாக் (தோளில் ஊன்றும் பின்கட்டை) குழாயைப் பிடித்திருக்கும் காசில் நட்டும் இதே மாதிரி குத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாக்கே மெல்லத் திரும்ப ஆரம்பிக்கும்.

ரெட் டாட் மவுண்டைத் துப்பாக்கியின் மேலுள்ள தண்டவாளத்தில் (ரெயில்) வைத்ததும் முகவாய்ப் (குழல் வாய்) பக்கமாக முன்னே தள்ளி, காடியில் முட்டிய பிறகு இறுக்குங்கள். தயாரிப்பாளர் சொன்ன டார்க் (இறுக்க விசை) அளவு எதுவோ அதுவே போதும். கூடுதல் பலம் காட்டினால் திருகு அறும். இறுக்கி முடித்ததும் திருகுத் தலையிலிருந்து மவுண்ட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. உணவு இடைவேளையில் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

தோட்டா விஷயம். 5.56 சேம்பரில் .223 ரெமிங்டன் தோட்டா தாராளமாகச் சுடலாம். .223 என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் 5.56 போடக் கூடாது. .300 பிளாக்அவுட் தோட்டா உங்கள் பைக்குள் தவறியும் வரக் கூடாது. அதே மேகசினில் உட்காரும், அதே போல்ட்டில் ஏறும், 5.56 சேம்பரில் வெடித்தால் துப்பாக்கி சிதறும். பக்கத்தில் சுடுபவர் அதை வைத்திருந்தால் மேகசின்கள் கலந்துவிடாமல் பாருங்கள்.

எஃகு முனை உள்ள எம்855 பச்சை முனைத் தோட்டாவைப் பல ரேஞ்சுகள் விடுவதில்லை. எஃகு இலக்குப் பலகையில் அது குழி பறிக்கும். குழி விழுந்த பலகையில் படுகிற அடுத்த தோட்டாவின் சிதறல் சுடுபவர் பக்கமே திரும்பலாம். வாசலில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். எஃகு கலந்த மேலுறை உள்ள மலிவுத் தோட்டாவும் காந்தத்தில் ஒட்டும், முனைக்குள் எஃகு இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். 800 என்று சொன்னால் 900 எடுத்துப் போங்கள்.

வலத்தோள்:

ஜீரோவுக்கு வருகிறேன். வகுப்பு அதற்கென்று ஒரு தூரம் சொல்லாவிட்டால், ரெட் டாட்டுக்கு என் ஓட்டு 50 யார்டுக்குத்தான். உங்கள் குழல் நீளத்துக்குச் சாதாரண 55 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டா 100 யார்டில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே போகும், 200-ஐ ஒட்டி மறுபடி பார்வைக் கோட்டுக்கு வந்துவிடும். இடைப்பட்ட தூரத்தில் கணக்குப் போட வேண்டிய வேலை இல்லை.

பெஞ்சில் சுட்டவர்களுக்குப் பிடிபடாதது கிட்டத் தூரம்தான். டாட் இருப்பது குழல் மையத்துக்கு ஏறக்குறைய 2.6 அங்குலம் மேலே. 5 யார்டில் இலக்கு உருவத்தின் நெற்றிச் சதுரத்தின் நடுவில் டாட்டை வைத்துச் சுட்டால் துளை இரண்டே கால் அங்குலம் கீழே விழும். துப்பாக்கியில் கோளாறு என்று நினைத்து ஆப்டிக்கை, அதாவது ரெட் டாட்டை, திருகாதீர்கள். 5 யார்டில் சதுரத்தின் மேல் விளிம்பில் டாட்டை வையுங்கள். 10 யார்டில் இரண்டு அங்குலம், 25-ல் ஒன்றேகால் அங்குலம் கீழே வரும். பக்கத்தில் 25 யார்டு ரேஞ்சுதான் இருக்கிறதென்றால் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம்: குறிக்கு ஒன்றேகால் அங்குலம் கீழே குழுவை (துளைகளின் கூட்டத்தை) கொண்டுவந்தால் 50 யார்டு ஜீரோவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். 50-ல் சுட்டு உறுதி செய்யாமல் முடிந்தது என்று எண்ணாதீர்கள்.

படுத்து, மணல் மூட்டையில் தாங்கி, 5 ரவுண்டு சுட்டு, குழுவின் மையத்தைப் பார்த்துத்தான் திருக வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் திருகினால் ஜீரோவை நாள் முழுக்கத் துரத்த வேண்டியதுதான். அரை எம்ஓஏ (கோண அளவு) கிளிக் உள்ள ஆப்டிக்கில் 50 யார்டில் ஒரு கிளிக் என்றால் கால் அங்குலம். குழு இரண்டு அங்குலம் இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் 8 கிளிக்.

பிளேட் கேரியர் வேண்டாம், செஸ்ட் ரிக்கும் வேண்டாம். தோளில் ஸ்டாக் உட்காரும் இடத்தையே அது மாற்றிவிடும், படுக்கும்போது வயிற்றை முட்டும். உறுதியான பெல்ட்டில் இடப்பக்கம் ஒரு ரைஃபிள் மேகசின் பை, மீதி மேகசின்கள் கால்சட்டைப் பையில் அல்லது பின்னால் உள்ள மேசையில். அவ்வளவுதான் தேவை. பிஸ்டல் எடுத்துப் போவதென்றால் கைடெக்ஸ் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பான உறை, இடுப்புக்கு வெளியே. துணி உறை வாய் மூடிக்கொள்ளும், திரும்பச் சொருகும்போது துணி மடிப்பு டிரிக்கரில் மாட்டும்.

ஸ்லிங் இரண்டு முனையில் மாட்டுவது, இழுத்தால் நீளம் மாறுவது. வீட்டிலேயே மாட்டி நின்று, மண்டியிட்டு, படுத்து, தோள் மாற்றிப் பாருங்கள். தோள் மாற்றும்போது கழுத்தை நெரித்தால் நீளம் போதவில்லை. தொங்கவிட்டால் துப்பாக்கி முழங்காலில் இடித்தால் நீளம் அதிகம். வால் தொங்கினால் டேப் போட்டு ஒட்டுங்கள்.

4 மேகசின் என்பது குறைந்தபட்சம். 6 இருந்தால் இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கும்போது நீங்கள் தோட்டா அடைத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதுங்கள். 3-ஆம் எண் இரண்டு தடவை மக்கர் பண்ணினால் அது பைக்குள் போய்விட வேண்டும்.

எண்ணெய்க்கை:

மேலே இருவரும் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் எண்ணெயை யாருமே சொல்லவில்லையே! வகுப்புகளில் நிற்கிற துப்பாக்கிகளில் பாதிக்கு நோய் வறட்சிதான். கேரியரின் கீழே உள்ள நீளப் பட்டைகள், கேம் பின் (போல்ட்டைத் திருப்பும் முள்), போல்ட்டின் வளையங்கள் மூன்றும் ஈரமாகவே இருக்கட்டும். வகுப்பு நடுவில் பிரிக்கத் தேவையில்லை. துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, போல்ட் மூடியிருக்கும்போது வலப்பக்க ஜன்னலைத் திறந்து பார்த்தால் கேரியரில் இரண்டு சின்னத் துளை தெரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டு, போல்ட்டை நாலு தடவை இழுத்து விடுங்கள், வளையம்வரை போய்ச் சேரும். 250, 300 ரவுண்டுக்கு ஒருமுறை போதும்.

30 ரவுண்டு மேகசினில் 28 போடுங்கள். முழுசாக அடைத்து, போல்ட் மூடியிருக்கும்போது தள்ளினால் ஸ்பிரிங் இடம் கொடுக்காது. பிடிபட்ட மாதிரி இருக்கும், முதல் தோட்டா வெடித்ததும் மேகசின் தரையில் கிடக்கும். தள்ளிய பிறகு ஒருமுறை கீழே இழுத்துப் பாருங்கள். சேம்பரில் தோட்டா ஏறியதா என்று இருட்டிலும் தெரிந்துகொள்ள வழி உண்டு: மேகசினைச் சொருகுமுன் மேல் தோட்டா எந்தப் பக்கம் என்று விரலால் தடவுங்கள். வலது என்றால், போல்ட்டை இழுத்து விட்டபின் கழற்றிப் பார்க்கும்போது இடதாக இருக்க வேண்டும். அப்படியே வலதில் நின்றால் சேம்பர் காலி. இன்னொன்று, ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்காதீர்கள். குண்டு கேஸுக்குள் அமுங்கி அழுத்தம் எகிறும்.

வகுப்பில் கட்டாயம் வரும் கோளாறுகள்: அழுத்தினால் டிக் என்று மட்டும் கேட்டால் மேகசினைத் தட்டி, போல்ட்டை இழுத்து விடுங்கள். இரண்டு தோட்டா சேம்பர் வாயில் மாட்டிக்கொண்டால் தட்டினால் தீராது. போல்ட்டை முதலில் பின்னால் பூட்டணும், அப்புறம்தான் மேகசினைப் பிடுங்கணும், போல்ட் அழுத்திக்கொண்டிருக்கையில் மேகசின் சுலபத்தில் வராது. பிடுங்கிய பின் மூன்று தடவை இழுத்துவிட்டு, வேறு மேகசின். வழக்கமான சத்தத்துக்குப் பதில் ‘புஸ்’ என்று கேட்டால் மட்டும் தட்டுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. விரலை எடுத்து, முகவாயை இலக்குப் பக்கமே வைத்து, கையைத் தூக்குங்கள். குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம், அடுத்த ரவுண்டு குழலைப் பிளக்கும். இதற்காகவே பையில் ஒரு கிளீனிங் ராடு வேண்டும். கூடவே எக்ஸ்ட்ராக்டர் (கேஸை இழுக்கும் கொக்கி) ஸ்பிரிங், போல்ட் வளையம், ஆலன் கீ, ரெட் டாட்டின் பேட்டரி (பெரும்பாலும் சிஆர்2032, உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்).

வீட்டுப் பயிற்சி தினம் 10 நிமிடம். தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சுவர்ப் பக்கம் குறிபார்த்துச் சுடுவதைவிட சேஃப்டியை (டிரிக்கர் பூட்டு) பழக்குங்கள்: டாட் இலக்கில் வரும்போது கட்டைவிரல் சேஃப்டியை இறக்க வேண்டும், துப்பாக்கி கண்ணை விட்டுத் தாழும் அதே நொடியில் ஏற்ற வேண்டும். வகுப்பில் பயிற்றுநர் ஓயாமல் கத்துவது இதற்குத்தான்.

வலத்தோள்:

விட்டுப்போனது. உடுப்பு: கழுத்தை ஒட்டிய காலர், நெற்றி மறைக்கும் தொப்பி. பக்கத்தவரின் சூடான கேஸ் சட்டைக்குள்ளோ கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவிலோ விழும். விழுந்தால் சேஃப்டி போட்டு முகவாயை முன்னாலேயே வைத்துக்கொண்டு அப்புறம் உதறுங்கள். சூடு தாங்காமல் துப்பாக்கியோடு திரும்புவதுதான் ஆபத்து. கண்ணாடியில் இசட்87+ (மோதலைத் தாங்கும் தரம்) முத்திரை இருக்கட்டும். காதுக்குள் நுரைச் செருகி, மேலே மின்னணு மஃப் (காதை மூடும் கவசம்), இரண்டும் சேர்த்து. மஃப் தடிமனாக இருந்தால் ஸ்டாக்கில் கன்னம் வைக்கும்போது தூக்கிக்கொள்ளும், மெலிசானது வாங்குங்கள்.

போனதும் கேளுங்கள்: ரேஞ்ச் ஹாட்டா, கோல்டா? அதாவது வரிசையை விட்டு விலகும்போது துப்பாக்கி நிரம்பியிருக்கலாமா, காலியாக இருக்கணுமா. வண்டி அருகே உறையைத் திறக்காதீர்கள். முன்னால் ஆள் இருக்கும்போது மேசையில் கிடக்கும் துப்பாக்கியைத் தொடக்கூட வேண்டாம். டூர்னிக்கெட்டை (இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டு) பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, இரண்டு கையும் எட்டும் இடத்தில் பெல்ட்டில் மாட்டுங்கள். ஈயத்தூளுக்காகச் சாப்பிடுமுன் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

புதுக்குழல்:

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. கேஸ் கீயைப் பார்த்துவிட்டேன், குத்தியிருக்கிறது. இன்னொரு சந்தேகம்: டாட் எனக்கு வட்டமாகத் தெரியவில்லை, வால் முளைத்த மாதிரி சிதறித் தெரிகிறது. ஆப்டிக்கை மாற்றணுமா?

கரித்தூள்:

தம்பி, கைபேசி கேமராவை ஆப்டிக் வழியாகக் காட்டிப் பாருங்கள். படத்தில் டாட் ஒழுங்காக இருந்தால் ஆப்டிக்கில் குறையில்லை, கண்ணில் அஸ்டிக்மேட்டிசம் (விழி வளைவுக் குறை). தலையைச் சாய்த்தால் வாலும் கூடவே திரும்பும், அதுவும் ஒரு அடையாளம். வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தாலே பாதி சரியாகும். பவர் கண்ணாடி உண்டென்றால் அதன் மேல் போடும் கவசம் வாங்குங்கள். பின்பக்க இரும்புக் குறியை நிமிர்த்தி அதன் சின்னத் துளை வழியாகப் பார்த்தாலும் டாட் கூர்மையாகும், ஜீரோ வைக்கும்போது அப்படிச் செய்யுங்கள். இவ்வளவுக்கும் மசியாவிட்டால் பிரிஸம் ஸ்கோப்தான். அதன் குறி கண்ணாடியிலேயே பொறித்தது, சிதறாது. ஆனால் கண்ணைச் சரியான தூரத்தில் வைத்தால்தான் படம் முழுசாகத் தெரியும் என்பதால், மாற்றுவதென்றால் இந்த வாரமே மாற்றி, புதுசாக ஜீரோ வைத்துவிடுங்கள்.