குடல் சுருக்கம்: மாத்திரையா, ஊசியா, பலூனா, அறுவையா? நாங்கள் கணக்குப் பார்த்த விதம்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

என் வீட்டுக்காரர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். குரோன் நோயால் (குடலில் விடாமல் வீக்கமும் புண்ணும் வரும் நோய்) அவருக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கிப்போய், மூன்று வருடத்துக்கு மேல் பட்ட பாட்டை எழுதுகிறேன். இதே பிரச்சினையில் இருப்பவர்களுக்கு உதவும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் தொப்புளுக்கு வலப்பக்கம் முறுக்கும். வயிற்றுக்குள் பந்து போல ஒன்று எழும்பி, கடமுடவென்று சத்தத்தோடு அடங்கும். கேஸ் என்று நினைத்தே ஒரு வருடம் ஓட்டினோம். அப்புறம் ஓரிடத்தில் குடல் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். காசநோயும் குரோனும் ஸ்கோப்பில், அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும்போது, ஒரே மாதிரி தெரியும். சதை எடுத்துப் பார்த்தாலும் சில சமயம் பிரிக்க முடியாது. ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் போட்டு, புண் ஆறுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

ஆனி மாதம் பண்ருட்டியிலிருந்து சொந்தக்காரர் பலாப்பழம் கொண்டுவந்தார். இவர் சாப்பிட்டது நாலே சுளை. ராத்திரி பச்சை பச்சையாக வாந்தி, காற்றுகூடப் பிரியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு மூன்று நாள் படுக்கையில் இருந்தார். சுருங்கிய இடத்தில் பலா நார் போய் அடைத்துக்கொண்டதாம்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த தப்பு, எது விலை குறைவு என்று மட்டும் பார்த்தது. ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்குச் சில ரூபாய்தான். மூன்று மாதத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, தூக்கம் போய், கத்தரி பிடிக்கும் கை நடுங்க ஆரம்பித்தது. ஒருவருடைய கல்யாணச் சட்டைத் துணியை மாற்றி வெட்டிவிட்டார். இருபது வருடத் தொழிலில் முதல் தடவை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை. மாத்திரையைக் குறைத்ததும் வலியும் திரும்பி வந்தது.

அப்புறம்தான் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் சொன்னதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்: "சுருக்கம் வீக்கத்தாலா, தழும்பாலா? வீக்கம் என்றால் மருந்துக்கு இறங்கும். தழும்பை மருந்து இளக்காது." இது தெரியாமல் எந்தச் செலவைக் கணக்குப் போட்டாலும் வீண். ஒன்றரை லிட்டர் தித்திப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சுருக்கம். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒன்று, 4 செ.மீ. அதற்கு ஒரு அடி மேலே இன்னொன்று, 2 செ.மீ. இரண்டும் பெரும்பாலும் தழும்பு.

கீழே இருந்ததற்கு முதலில் பலூன். 5 செ.மீ.க்குள், வளைவில்லாமல், ஸ்கோப் எட்டும் இடத்தில் இருந்தால் பலூனை விட்டு விரிக்கிறார்கள். வெட்டு இல்லை, மூன்றாம் நாள் கடை திறந்தார். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குக் குடல் கிழியலாம் என்பதால், உடனே அறுவை செய்ய வசதி உள்ள இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஏழு மாதம் தாங்கியது. மேல் சுருக்கத்துக்கு ஸ்கோப் எட்டவே இல்லை.

கடைசியில் அறுவைதான். கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இணைப்பது, மேலே உள்ளதை எடுக்காமல் அகலப்படுத்துவது என்று சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை. இவர் வீட்டுக்கு வந்து ஒரு பழைய சட்டைக் கையைக் குறுகலாகத் தைத்தார். குறுகின இடத்தில் நெடுக்காக ஒரு வெட்டு. வெட்டின இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்காகத் தைத்தார். நீளம் கொஞ்சம் குறைந்தது, உள்ளே இரண்டு விரல் தாராளமாகப் போனது. "துணி வீணாகவே இல்லை பார்" என்றார். அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் போனது. இந்த நோய் திரும்ப வரக்கூடியது. ஒவ்வொரு தடவையும் வெட்டி எடுத்தால் குடலே மிஞ்சாது. மிச்சம் வைப்பதும் கணக்கில் சேர்த்திதான்.

கடை ஒன்றரை மாதம் மூடிக் கிடந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதி போனதால் வைட்டமின் பி12 ஊசி போடுகிறோம். பீடியை விட்டுவிட்டார், புகைத்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுமாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

வணக்கம் அக்கா. எனக்கு 26 வயது. எனக்கு ஒரே சுருக்கம், பெரும்பாலும் வீக்கம் என்று சிடியில் வந்தது. வீக்கத்தைக் குறைக்கும் அடாலிமுமாப் ஊசி போடுகிறேன், இரண்டு வாரத்துக்கு 40 மி.கி. ஒளிந்திருக்கும் காசநோயை இந்த ஊசி கிளப்பிவிடும் என்பதால் முதலில் அதற்கான சோதனை எல்லாம் செய்தார்கள். பிரான்சில் சுருக்கம் உள்ள 97 பேருக்கு இதே ஊசியைப் போட்டுப் பார்த்ததில், 24 வாரத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கைகொடுத்தது என்று டாக்டர் சொன்னார். அப்படியென்றால் ஒரு பங்குக்குக் கைகொடுக்கவில்லை, அதையும் அவரே சொன்னார். எனக்கு எட்டு மாதமாக வலி இல்லை. ஆனால் சம்பளத்தில் பாதி இதற்கே போகிறது, எப்போது நிறுத்தலாம் என்றும் தெரியவில்லை. பேசாமல் அறுவையே செய்துகொள்ளலாமா அக்கா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

தம்பி, வலி இல்லாத நேரத்தில் அவசரப்பட வேண்டாம். ஒன்று மட்டும் கேள்: சுருக்கத்துக்கு முன்னால் குடல் அகன்று போயிருக்கிறதா என்று. எங்களுக்கு அது அகன்றிருந்தது, அதனால்தான் தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். அறுவைக்குப் பிறகும் மருந்து முழுதாக நிற்பதில்லை, இவர் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த மாதம் ஸ்கோப், இணைத்த இடத்தில் மறுபடி புண் வந்திருக்கிறதா என்று பார்க்க. அந்தச் சட்டைக் கை கடை மேசை டிராயரிலேயே இருக்கிறது. கடலூர் வந்தால் வந்து பார், அவரே காட்டுவார்.