மறு: மானிட்டரும் சப்வூஃபரும் சேரும் இடம் – ‘கிராஸ்ஓவர்’ என்பதற்குச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் மானிட்டரும் (பதிவைத் துல்லியமாகக் கேட்பதற்கான ஒலிபெருக்கி) சப்வூஃபரும் (மிகத் தாழ்ந்த ஒலிக்கான தனிப் பெட்டி) அமைப்பதற்கான தமிழ்க் கையேட்டின் கலைச்சொற்களில், ஒலி ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் இடமான ‘கிராஸ்ஓவர்’ மட்டும் இன்னும் இழுபறியாக நிற்கிறது. வந்த பரிந்துரைகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதிவிட்டு, என் சொல்லையும் கீழே வைக்கிறேன். மடல் சற்று நீளும்.

> ‘வெட்டு அதிர்வெண்’ என்றே வைத்துவிடலாமே. 80 ஹெர்ட்ஸில் வெட்டுகிறோம், அதற்குக் கீழே சப்வூஃபர், மேலே மானிட்டர். யாருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான். ஆனால் தப்பாகப் புரியும். குமிழை 80இல் வைத்துவிட்டால் 79 வரை சப்வூஃபர், 81 முதல் மானிட்டர் என்று பிரிந்துவிடுவதில்லை. வடிப்பானுக்கு, அதாவது சில அதிர்வெண்களை விட்டு மற்றவற்றை அடக்கும் மின்சுற்றுக்கு, சரிவு உண்டு; ஒலி படிப்படியாகத்தான் இறங்கும். பரவலாகப் பயன்படும் நான்காம் படி லிங்க்விட்ஸ்–ரைலி வடிப்பானின் சரிவு ஒரு ஸ்தாயிக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகும் இடைவெளிக்கு, 24 டெசிபெல். 80இல் வைத்தால், 40 ஹெர்ட்ஸில்தான் மானிட்டரின் ஒலி சுமார் 24 டெசிபெல் இறங்கியிருக்கும். சப்வூஃபரின் ஒலி அதே அளவுக்கு இறங்க 160 ஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். இடைப்பட்ட இடமெல்லாம் இரண்டுக்கும் பொது. சரியாக 80இல் இரண்டுமே ஒலிக்கின்றன, இரண்டுமே 6 டெசிபெல் தாழ்ந்து. ஒரே கட்டத்தில் (அலைகளின் மேடும் பள்ளமும் ஒத்து) காதுக்கு வந்து சேர்ந்தால் கூட்டுத்தொகை 6 டெசிபெல் ஏறி, மட்டம் பழையபடி சமமாகிவிடுகிறது. 1976இல் லிங்க்விட்ஸ் வெளியிட்ட கட்டுரையின் சாரமே இந்தச் சேர்க்கைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. தனி வடிப்பானில், மட்டம் 3 டெசிபெல் இறங்கும் புள்ளிக்கு ‘வெட்டு அதிர்வெண்’ நமக்குத் தேவைப்படும். அந்தச் சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே கையைப் பிசைய வேண்டிவரும்.

> பிரிப்பு, பகுப்பு, பங்கீடு – இவற்றில் ஒன்று?

மின்சுற்றைப் பார்த்தால் இவை பொருந்தும். ஒரு குறிப்பலை உள்ளே போய் இரண்டாக வெளியே வருகிறது. ஆனால் கையேட்டைப் படிப்பவர் மின்சுற்றைப் பார்க்கப் போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்கப் போகிறார். கேட்கிறவருக்கு அது பிரிகிற இடமில்லை, சேர்கிற இடம். தொல்லை எல்லாம் சேர்கிற இடத்தில்தான் வரும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால் 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். மானிட்டரைவிடச் சப்வூஃபர் காதிலிருந்து 2.15 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த அதிர்வெண்ணில் அரை அலை பின்தங்கி வருகிறது. ஒன்று காற்றை அழுத்தும்போது மற்றது இழுக்கிறது. இரண்டு பெட்டிகளும் முழுமூச்சாக உழைத்தும் நாற்காலியில் பேஸ் கிதாரின் சில சுரங்கள் காணாமல் போகும். கால் அலை, அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வித்தியாசம் என்றால், கூட்டல் 6 டெசிபெலுக்குப் பதில் 3 டெசிபெலே கிடைக்கும். ‘பிரிப்பு’ என்று படித்தவருக்கு இப்படி நேரும் என்று தோன்றவே தோன்றாது. பிரித்துவிட்டோமே, இனி இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சப்வூஃபரின் ஒலியளவைத்தான் ஏற்றிக்கொண்டே போவார்.

ஆகவே என் பரிந்துரை: சந்தி. அதிர்வெண்ணைச் சொல்ல ‘சந்தி அதிர்வெண்’, நடைமுறையில் வெறும் ‘சந்தி’. அதைச் செய்யும் மின்சுற்றுக்கு ‘சந்தி வடிப்பான்’.

இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மாற்றமே இல்லாமல் சேர்ந்தால் இயல்பு. இல்லையென்றால் தோன்றல், திரிதல், கெடுதல். மானிட்டரும் சப்வூஃபரும் சேரும் இடத்திலும் இதேதான். சரியாக அமைந்தால் ஒட்டுப்போட்டதே தெரியாது. மட்டம் அதிகமானால் இல்லாத மேடு ஒன்று தோன்றும். கட்டம் பிசகினால் இருந்த ஒலி கெடும். பொருத்தம் பார்த்து வலிந்து கொண்டுவந்த உவமை இல்லை இது. சேர்க்கையில் நேரும் மாற்றத்தைச் சொல்ல நம்மிடம் தயாராக இருக்கும் பழைய ஏற்பாடு.

> சந்தி வடசொல். ‘புணர்ச்சி’ என்ற தமிழ்ச் சொல் இருக்கும்போது ஏன்?

அம்மா, இலக்கணத்தில் புணர்ச்சிதான் முறையான சொல், மறுக்கவில்லை. ஆனால் ‘புணர்ச்சியை 80இல் வையுங்கள்’ என்று ஒரு கருவிக் கையேட்டில் எழுத முடியாது. ‘கூடல்’ அழகான சொல்; அதிர்வெண்ணுக்குப் பெயராக நிற்கும்போது நடுக்கம் தெரிகிறது. சந்தியோ முச்சந்தி, நாற்சந்தி என்று நடமாடிக்கொண்டிருக்கும் சொல். கேட்டவுடன் ‘சேரும் இடம்’ என்று பிடிபடுகிறது.

இதில் இன்னொரு வசதி. சப்வூஃபர் இல்லாமலே மானிட்டர் பெட்டிக்குள்ளும் ஒரு கிராஸ்ஓவர் இருக்கிறது, தாழ்ந்த ஒலிக்கான ஊஃபரும் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரும் சேரும் இடத்தில். இருவழிப் பெட்டிகளில் அது பெரும்பாலும் 2 அல்லது 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அதையும் சந்தி என்றே சொல்லலாம். மூவழிப் பெட்டியில் இரண்டு சந்தி. ஆக்டிவ் வகைக்கும் வெறுமனே ஆம்ப்ளிஃபயர் உள்ளே வைத்த வகைக்கும் உள்ள வேறுபாட்டையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: முதல் வகையில் சந்தி வடிப்பான் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், ஒவ்வொரு ஒலிப்பானுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர், இரண்டாவதில் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால்.

> கட்டம், கணு, நிலையலை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

கட்டம் சரி. ஆனால் சப்வூஃபரின் பின்புறம் 0, 180 என்று இருக்கும் விசையைக் ‘கட்ட விசை’ என்று எழுத வேண்டாம். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது செய்வது நேர்முனையையும் எதிர்முனையையும் இடம் மாற்றுவது மட்டும்தான். ‘முனைமாற்று’ போதும். 0 முதல் 180 வரை சீராகத் திரும்பும் குமிழ் இருந்தால் அதற்குத்தான் ‘கட்டக் குமிழ்’ பொருந்தும்.

கணுவில் எனக்குப் பெரிய தயக்கம். பாடப்புத்தகம் சொல்லும் கணு காற்றுத் துகள் அசையாத இடம். மூடிய குழாயின் மூடிய முனை கணு என்று மனப்பாடம் செய்திருப்போம். காதும் மைக்கும் உணர்வதோ அழுத்தத்தை. துகள் அசையாத இடத்தில்தான் அழுத்தம் ஏறி இறங்குவது உச்சம். 4 மீட்டர் நீள அறையில் முதல் நிலையலை (எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி ஓரிடத்திலேயே நிற்கும் அலை) சுமார் 43 ஹெர்ட்ஸ். பாடப்புத்தகக் கணக்கில் சுவர்கள் இரண்டும் கணு, நடு அறை எதிர்க்கணு. இதை நம்பி ‘கணுவைத் தவிர்’ என்ற அறிவுரையைப் படிப்பவர் நாற்காலியை அறையின் நட்டநடுவில் போடுவார். அந்த 43 ஹெர்ட்ஸ் அடியோடு கேட்காத இடம் அதுதான். ஆகவே கையேட்டில் எல்லா இடத்திலும் ‘அழுத்தக் கணு’ என்று முழுதாக எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

> சப்வூஃபருக்கு ‘உறுமி’?

இந்தப் பரிந்துரை மனதுக்கு மிகவும் பிடித்தது. ஊஃபர் நாயின் குரலிலிருந்து வந்த பெயர், உறுமி உறுமலிலிருந்து வந்த பெயர், தடம் ஒன்றேதான். ஆனால் வளைந்த குச்சியால் தேய்த்து வாசிக்கும் உறுமி இன்றும் உயிரோடு இருக்கும் வாத்தியம். அதையே பதிவு செய்துவிட்டு மானிட்டரில் கேட்பவரிடம் ‘உறுமியின் மட்டத்தைக் குறையுங்கள்’ என்றால் எதைக் குறைப்பார்? தமிழிசையின் ‘மெலிவு’ கீழ் ஸ்தாயிக்கு உரிய சொல்தான் என்றாலும் இன்றைய காதில் அது வலுவின்மை. சப்வூஃபர், மானிட்டர் இரண்டும் அப்படியே இருக்கட்டும். கணினியுடையதைத் திரை என்று சொல்லிப் பழகிவிட்டதால் மானிட்டரில் குழப்பம் வராது.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று அறிய அதை வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். கையேட்டின் வரைவிலிருந்து சில வரிகள்:

சந்தியை முதலில் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதைவிட மிக உயர்த்தினால் சப்வூஃபர் எந்தத் திசையில் இருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும். மிகத் தாழ்த்தினால் சிறிய மானிட்டரின் கூம்பு திணறும்.

சந்தி அதிர்வெண்ணில் ஒரு சைன் ஒலியை ஓடவிட்டு, கேட்கும் இடத்தில் உட்காருங்கள். முனைமாற்றை 180இல் வைத்து, ஒலி எங்கே மிகவும் மங்குகிறதோ அதுவரை கட்டக் குமிழைத் திருப்புங்கள். பிறகு முனைமாற்றை 0க்குக் கொண்டுவாருங்கள். சந்தி சேர்ந்துவிடும்.

சந்திக்கு அருகில் பள்ளம் விழுந்தால் உடனே சந்தியைக் குறை சொல்லாதீர்கள். மானிட்டரின் முகம் பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியே 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். சப்வூஃபரை அணைத்துவிட்டு, மானிட்டரைச் சந்தி வடிப்பான் இல்லாமல் நேராக ஓடவிட்டு அளந்து பாருங்கள். அப்போதும் பள்ளம் இருந்தால் நகர்த்த வேண்டியது மானிட்டரை.

இந்த வரிகளில் எங்கேயாவது சந்தி இடறுகிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். இடறாவிட்டால் இதை வைத்தே அத்தியாயத்தை முடித்துவிடுகிறேன்.

அடுத்து நிற்பது ‘பேலன்ஸ்டு’ கேபிள். ‘சமநிலை’ என்றால் இடம்–வலம் சமன் செய்வது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கம்பிகளிலும் ஒரேபோல ஏறும் இரைச்சலை விட்டுவிட்டு, மறுமுனை வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இதைச் சொல்லும் ஒரு சொல் வேண்டும். ‘இணைகம்பி’ வரை வந்திருக்கிறேன், திருப்தியில்லை. தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே எழுதுங்கள்.

அன்புடன்.