புதுப்பிப்பு: சென்னையில் சைபர் பாதுகாப்பில் முதல் வேலை

செக்யூரிட்டி பிளஸ் என்ற அடிப்படை சைபர் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தும் நேர்காணலுக்குக்கூட யாரும் அழைக்கவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது ஒரு நடுத்தர நிறுவனத்தின் சைபர் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில், இரவுப் பணியும் அடங்கிய தொடக்கநிலை ஆய்வாளர் வேலையில் சேர்ந்திருக்கிறேன்.

இன்னொரு சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று பலர் சொன்னதை ஏற்று, பழைய மடிக்கணினியில் வாசூ என்ற இலவசக் கண்காணிப்பு மென்பொருளை நிறுவினேன். ஒரு விண்டோஸ் கணக்கில் வேண்டுமென்றே தவறான கடவுச்சொற்களைத் தொடர்ந்து இட்டு, அதனால் பதிவாகும், உள்நுழைவு தோல்வியைக் காட்டும் 4625 என்ற எண் கொண்ட நிகழ்வுகளையும், இறுதியில் உள்நுழைவு வெற்றி பெற்றதைக் காட்டும் 4624 என்ற எண் கொண்ட நிகழ்வையும் வரிசைப்படுத்தி, இதைச் செய்தவர் தாக்குபவரா, கடவுச்சொல்லை மறந்த ஊழியரா என்று எப்படிப் பிரித்தறிவது என ஓர் அறிக்கை எழுதினேன். நேர்காணல் பெரும்பாலும் அந்த அறிக்கையைச் சுற்றியே நடந்தது. சான்றிதழைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், கணினிகளில் பதிவாகும் நிகழ்வுப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் 2022-இல் செர்ட்-இன் என்ற இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு பிறப்பித்த உத்தரவைப் பற்றியும் கேட்டார்கள். அதை அவசியம் படித்துவிட்டுச் செல்லுங்கள். சம்பளம் சுமார்தான். அறிக்கையின் அமைப்பு வேண்டுவோருக்கு அனுப்புகிறேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்க வேண்டாம்.